புகார் சொல்ல ஒரு பயணி

சின்னவளின் அப்பா கணக்கு வாத்தியார். அவர் பாடம் நடத்திய நேரத்தைவிட, பாடம் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பயமுறுத்திய நேரம்தான் அதிகம் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள். மிரட்டல் ஒன்றே ஒன்றுதான். "ஒழுங்கா படி. இல்லன்னா தொழிற்படிப்புக்குத்தான் போவே." இந்த ஒரு வரியைக் கொண்டு ஒரு தலைமுறையையே அவர் டாக்டராகவும் இன்ஜினீயராகவும் ஆக்கியிருந்தார். சொந்த வீட்டிலும் அது பாதி வேலை செய்தது. பெரிய மகள் பயந்துபோய் பல் டாக்டர் ஆனாள். சின்னவள் பயப்படாமல் பயணம் மற்றும் சுற்றுலாப் பிரிவில் இரண்டாம் நிலைச் சான்றிதழுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அது முடிந்ததும் மூன்றாம் நிலை.

அப்பா சோறு தண்ணீர் இல்லாமல் எல்லாம் கிடக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டே கோபமாக இருந்தார். உறவுக்காரர்கள் கேட்டபோது மட்டும், "சும்மா ஒரு சின்ன வகுப்பு. பல்கலைக்கழகத்துக்குப் போறதுக்கு முன்னாடி பொழுது போகணும் இல்லையா?" என்றார். அந்தச் சின்ன வகுப்பு இரண்டாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. எந்தப் பல்கலைக்கழகம், எப்போது என்று அவர்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நல்ல மனிதர்கள், முதுகுக்குப் பின்னால் மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

பயிற்சி மையம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே புதுத் தோல் வாசனை அடிக்கும். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பெரிய படம். அடியில் பள்ளிக்கூடம், அதிலிருந்து கிளம்பும் ஏணியில் இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, பணிப்பயிற்சி, உச்சியில் கழுத்தில் துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டு சூட்கேஸை இழுத்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். பக்கவாட்டில் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஓர் அம்புக்குறி புறப்பட்டு வந்து மூன்றாம் நிலையில் முட்டி நின்றது. பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காதவர்களும் வந்து சேரலாம் என்பதை அதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது. அந்த அம்புக்குறியைப் படம் பிடித்து அப்பாவிடம் காட்டலாமா என்று சின்னவள் ஒரு நாள் யோசித்தாள். பிறகு வீட்டில் நிம்மதியாக இருக்க ஆசைப்பட்டு விட்டுவிட்டாள்.

விமானத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து உலகத்து விமான நிலையங்களின் குறியீடுகளை எல்லாம் மனப்பாடம் செய்தார்கள். மூலையில் பிளைவுட்டில் செய்த ஒரு செக்-இன் கவுண்டர் இருந்தது. பெட்டியை எடை போட, மூடிப்போன காய்கறிக் கடையிலிருந்து வாங்கிய தராசு. புன்னகைக்குத் தனிப் பாடம், அதற்குச் செய்முறைத் தேர்வு வேறு. விரலை நீட்டாமல் தலைகளை எண்ணுவது எப்படி, தொலைந்த பயணியை எங்கே தேடுவது, வாந்தி எடுத்தவரை மற்றவர்கள் முறைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுக்கொடுத்தார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் சின்னவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்தாள், முதல் தடவையாகக் கை தூக்கினாள். இதையெல்லாம் வீட்டில் சொல்ல ஆள் இல்லை.

பணிப்பயிற்சியை ஒரு சுற்றுலா நிறுவனத்தில் முடித்திருந்தாள். அங்கிருந்த மேலாளர் அம்மாள் வளவளவென்று பேசுகிறவர் இல்லை. "சான்றிதழோட வா. வர்ற திங்கட்கிழமையிலிருந்து ஒரு பஸ் உன்னோடது. வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவேன். கோவிச்சுக்காதே," என்று சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது கடைசிச் செய்முறைத் தேர்வு மட்டும்தான். ஒரு குழுவை வண்டியில் ஏற்றி, ஊரைச் சுற்றிக் காட்டி, புகார் வந்தால் சமாளித்து, எல்லாரையும் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

குழுவைத் தேர்வு எழுதுகிறவரே கூட்டிவர வேண்டும் என்பது மையத்தின் விதி. வண்டியும் டிரைவரும் மையம் கொடுக்கும், ஜனங்களைக் கொடுக்க அதனிடம் வசதி இல்லை. பன்னிரண்டு பேருக்குக் குறையக் கூடாது, கூடப் படிக்கிறவர்கள் வரக் கூடாது. அப்படியானால் யார் மிச்சம்? சொந்தக்காரர்கள்தான். அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முன்பின் தெரியாத பயணிகளாகவே நடத்தப்பட வேண்டும். அம்மா, மாமா என்று உறவு சொல்லிக் கூப்பிட்டால் ஒவ்வொரு தடவைக்கும் மதிப்பெண் குறையும். பிறந்ததிலிருந்து யாரையும் உறவு சொல்லாமல் கூப்பிட்டு அறியாத ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

அம்மா போனை எடுத்து உட்கார்ந்தாள். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, உடனே சரி என்றாள். அம்மாவின் தம்பி மருந்துக் கடை வைத்திருந்தார். அந்த மாமா கடையை ஒரு நாள் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். அத்தையின் மகன்கள், அவர்களுடைய மனைவிமார் என்று கூட்டிக் கழித்துப் பார்த்ததில் ஓர் ஆள் குறைந்தது. தேர்வன்று காலை வீட்டில் கூடிய எல்லாரும் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தார்கள்.

"நான் வரல," என்றார் அப்பா பேப்பரை இறக்காமல். "பார்த்த ஊரையே பார்க்க எனக்கு என்ன தலையெழுத்தா?"

"டேய், எழுந்து சட்டையை மாட்டு," என்றாள் அத்தை. அவருக்கு எத்தனை வயதானாலும் அத்தைக்கு அவர் மூக்கொழுகும் தம்பிதான். அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். உறவினர்களுக்கு எதிரில் சின்ன வகுப்பின் பெரிய தேர்வுக்குப் போக வேண்டியிருந்ததால், முகத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர் போல வந்தார்.

அந்த ஊரில் பார்க்க ஒன்றும் கிடையாது. ஒரு பழைய துறைமுகம், ஒரு மணிக்கூண்டு, தண்ணீர் சுத்தம் செய்யும் இடம், அவ்வளவுதான். மணிக்கூண்டில் கடிகாரம் ஓடாது. இதைக் கொண்டு அரை நாள் ஓட்டுகிறவள்தான் வழிகாட்டி, இருப்பதைக் காட்டிவிட்டுப் போக எவனாலும் முடியும் என்று பயிற்சி ஆசிரியை தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார்.

தேர்வு நடத்த வந்த மதிப்பீட்டாளர் ஒல்லியான மனிதர். புன்னகைக்கு மதிப்பெண் போடுகிறவர், தன் புன்னகையை வேறெங்கோ பத்திரமாக வைத்துவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு டேப்லெட் கணினியுடன் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சின்னவள் மைக்கைப் பிடித்தாள்.

"அனைவருக்கும் வணக்கம். இன்னைக்கு உங்களை அழைச்சுக்கிட்டுப் போகப் போற வழிகாட்டி நான்."

"தெரியும் கண்ணு, சொல்லு சொல்லு," என்றாள் அத்தை முன் சீட்டிலிருந்து.

"நன்றி மேடம்," என்றாள் சின்னவள். அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. தூக்கி வைத்துச் சோறூட்டிய பிள்ளை தன்னை மேடம் என்கிறதே என்று பக்கத்து சீட்டு மருமகளிடம் கிசுகிசுத்தது வண்டி முழுக்கக் கேட்டது. எல்லாம் தேர்வுக்காக என்று மருமகள் விளக்கினாள். "தேர்வுன்னா? நான் யாரோவா?" என்றாள் அத்தை. துறைமுகம் வரும்வரை அந்த வருத்தம் ஓயவில்லை.

மருந்துக் கடை மாமா வேறு விதமான உபகாரி. துறைமுகத்தை எப்போது கட்டினார்கள் என்று சின்னவள் சொன்னதும் கை தூக்கி, "ரொம்ப நல்லா சொன்னீங்க மேடம். இவ்வளவு விவரமா நான் எங்கேயும் கேட்டதே இல்ல!" என்றார். கடலைப் பார்த்துக் கைகொட்டினார். பாழடைந்த கிடங்கைப் பார்த்து, "அடேயப்பா!" என்றார். ஆயுசு முழுக்க அந்தக் கிடங்குக்குப் பின்னால்தான் அவர் வண்டியை நிறுத்தி வந்தார். மணிக்கூண்டுக்கு அடியில் இறங்கியபோது மொத்தக் குடும்பமும் அதை அன்றுதான் வானத்திலிருந்து இறக்கிவைத்தது போல வாயைப் பிளந்து நின்றது. அந்த வழியாகப் போன ஒரு பெண்மணி அம்மாவை அடையாளம் கண்டு, "என்னங்க, எதைப் பார்க்கறீங்க?" என்று கேட்க, "மணிக்கூண்டைத்தான்," என்றாள் அம்மா பரிதாபமாக. மதிப்பீட்டாளர் டேப்பில் ஏதோ தட்டினார்.

வியக்காமல் நின்றவர் அப்பா ஒருவர்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நிற்கிறவர் போல நின்றார். சின்னவள் பார்வை அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள். ஓடாத கடிகாரத்தை வைத்து அவள் ஒரு கதை சொன்னாள். கடிகாரத்தைப் பழுது பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதற்கு முன்னால் வந்தவரைக் குறை சொல்லிவிட்டுப் போனதால்தான் அது இன்னும் நிற்கிறது என்று முடித்தாள். டிரைவர் கூடச் சிரித்தார். நன்றாகப் போகிறது என்று அவளுக்கே தெரிந்தது. திங்கட்கிழமை பஸ் கண்ணுக்குத் தெரிந்தது.

மிச்சம் இருந்தது புகார். பயணிகளில் யாராவது ஒருவரிடம் மதிப்பீட்டாளர் ரகசியமாகப் போய்ப் புகார் சொல்லச் சொல்வார், யாரிடம் சொல்வார் என்று வழிகாட்டிக்குத் தெரியாது. மாமா அதற்கும் தயாராக வந்திருந்தார். ஜன்னல் கண்ணாடி அழுக்கு என்று சொல்வது, அவள் துடைத்ததும் நன்றி சொல்லிக் கண் கலங்குவது என்று வீட்டில் ஒத்திகையே பார்த்திருந்தார். ஆனால் மதிப்பீட்டாளர் தொழில் தெரிந்தவர். வண்டி முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, உண்மையாகவே அதிருப்தியாக இருந்த ஒரே முகத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

வண்டி தண்ணீர் சுத்தம் செய்யும் இடத்தை நோக்கித் திரும்பியபோது அப்பா எழுந்து நின்றார். "எனக்கு ஒரு புகார் இருக்கு."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க சார்," என்றாள்.

ஊரில் பாதிப் பேர் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்பா ஒரு கணம் தடுமாறினார். பிறகு வாத்தியாராகி விட்டார். தேர்வு என்றால் தேர்வுதான் என்று வாழ்ந்தவர் அவர். பெரியவளுக்கே ஒரு முறை அரை மதிப்பெண் கொடுக்காமல் அழவிட்டவர்.

"சீட் சரியில்ல."

"பின்னாடி நல்ல சீட் காலியா இருக்கு சார். மாத்தித் தரட்டுமா?"

"வேணாம். ஏசி குளிருது."

அவள் எட்டிக் காற்று வரும் வாயைத் திருப்பினாள். "இப்போ பரவாயில்லையா சார்?"

"மைக்ல சத்தம் அதிகம்."

"குறைச்சுட்டேன் சார்."

"டேய், போதும்டா, பிள்ளையைப் படுத்தாதே," என்றாள் அத்தை.

"மேடம், தயவுசெஞ்சு தலையிடாதீங்க," என்றார் மதிப்பீட்டாளர். "அவர் உங்களுக்கு யாரோ."

"யாரோவா? இவனுக்கு டவுசர் மாட்டிவிட்டதே நான்தான்!"

அப்பா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்ல இன்னும் ஏதோ இருக்கிறது என்று அவர் கழுத்து நரம்பிலேயே தெரிந்தது. சின்னவள் காத்திருந்தாள். குறுக்கே பேசக் கூடாது, முழுவதும் கேட்க வேண்டும், பிறகு கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பாடம்.

"நான் ஏற வேண்டிய வண்டியே இது இல்ல," என்றார் அப்பா. குரல் இறங்கியிருந்தது. "நான் சீட்டு எடுத்தது வேற ஊருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே எடுத்து வெச்சது. எங்கே போறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லியும் வெச்சுட்டேன். நீங்க என்னை இதுல ஏத்தி, ஓடாத கடிகாரத்தையும் ஓட்டைக் கிடங்கையும் காட்டுறீங்க. நான் அவங்ககிட்ட எல்லாம் என்னன்னு சொல்றது?"

மாமா அழுக்குக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். அம்மா மடியைப் பார்த்தாள். அவர் எந்த ஊரைச் சொல்கிறார் என்று அந்த வண்டியில் புரியாதவர்கள் இரண்டே பேர், டிரைவரும் மதிப்பீட்டாளரும். மதிப்பீட்டாளர், தவறான பயண ஏற்பாடு, வழக்கமாக வருகிற புகார்தான் என்று தட்டிக்கொண்டார்.

மைக்கை வைத்துவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது சின்னவளுக்கு. இந்தச் சண்டை வீட்டில் பல தடவை நடந்திருக்கிறது. இரண்டாவது வாக்கியத்திலேயே அவள் கத்துவாள், மூன்றாவதில் அவர் கத்துவார், நான்காவதில் ஏதாவது ஒரு கதவு படாரென்று சாத்தப்படும். இங்கே கதவு டிரைவர் கையில் இருந்தது. அதனால் அப்பா முழுதாகச் சொல்லிவிட்டார், அவளும் முழுதாகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு அதில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது இன்னும் வலித்தது.

"நீங்க சொன்னதை நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு சொல்லிப் பார்க்குறேன் சார்," என்றாள். "நீங்க ஆசையா ஒரு ஊருக்குக் கிளம்பினீங்க. அங்கே கொண்டுபோய் விடுவாங்கன்னு நம்பினீங்க. வண்டி வேற பக்கம் திரும்பினது உங்களுக்குத் தெரியும். ஆனா கேட்டவங்ககிட்ட எல்லாம், இன்னும் அங்கேதான் போயிட்டிருக்கேன்னு சொல்லிட்டீங்க. இப்போ அதை மாத்திச் சொல்ல முடியாம உட்கார்ந்திருக்கீங்க. சரியா சார்?"

"சரிதான்," என்றார் அப்பா.

"உங்களுக்கு இப்படி ஒரு ஏமாற்றம் ஆனதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்." குரல் உடைந்தது. பாடத்திட்டத்தில் அது இல்லை. அவள் தொடர்ந்தாள். "நீங்க கேக்குற ஊருக்கு இந்த வண்டி போகாது சார். போகும்னு பொய் சொல்ல மாட்டேன். இது போற இடம் வரைக்கும் உங்களைப் பத்திரமா கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. வழியில என்ன இருக்கோ அதைக் காட்டுறேன். பிடிக்கலன்னா சொல்லுங்க, நிறுத்தச் சொல்றேன். இறங்கிக்கலாம்."

அப்பா உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் சுத்தம் செய்யும் இடத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு என்ன சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை. மாமாகூட வியக்க மறந்துவிட்டார்.

செருப்புக் கடை வாசலில் வண்டி நின்றதும் மதிப்பீட்டாளர் எழுந்து முன்னால் வந்தார். யாரும் இறங்க வேண்டாம் என்றார். "ஒரே ஒரு விஷயம் பாக்கி. புகார் சொன்னவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும்." அப்பாவின் பக்கம் திரும்பினார். "உங்க புகாரை வழிகாட்டி கையாண்ட விதம் உங்களுக்குத் திருப்தியா, திருப்தி இல்லையா?"

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் இன்று ராத்திரி சோறு உண்டா இல்லையா என்பது வரை இருந்தது.

"திருப்தி இல்ல," என்றார் அப்பா.

வண்டியே எழுந்து நின்றது. அத்தை கைப்பையை ஓங்கினாள், யாரை அடிக்க என்று சொல்லத் தேவையில்லை. "அத்தான், கொஞ்சம் யோசிச்சு..." என்று மாமா கையைப் பிடித்தார். "என்னங்க!" என்றாள் அம்மா. மதிப்பீட்டாளர் டேப்பைத் தூக்கிப் பிடித்து எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். பயணிக்குத் திருப்தி இல்லை என்றால் புகார்ப் பகுதியில் தேர்ச்சி இல்லை, அந்தப் பகுதியில் தேர்ச்சி இல்லை என்றால் தேர்விலேயே தேர்ச்சி இல்லை. அடுத்த தேர்வு அடுத்த பருவத்தில்தான். காரணம் கேட்க விதி இல்லை.

"நீங்க கேக்க வேணாம், நானே சொல்றேன்," என்றார் அப்பா. "கேட்டது சரி, திருப்பிச் சொன்னது சரி, பொய் சொல்ல மாட்டேன்னது ரொம்ப சரி. மன்னிப்பு எதுக்கு? வண்டி எங்கே போகுதுன்னு நெத்தியில கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருந்துச்சு. அவ மறைக்கவே இல்ல. நான்தான் படிச்சும் படிக்காத மாதிரி, ஊர்ல எல்லார்கிட்டயும் வேற பேரைச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தப்பு அவ மேல இல்ல. தப்பே செய்யாதவ மன்னிப்புக் கேட்டா அந்த விடை தப்பு. தப்பான விடைக்கு நான் மார்க் போட மாட்டேன்."

"சார், மன்னிப்புக் கேட்டதுக்குத்தான் முழு மார்க்கே போட்டிருக்கேன்," என்றார் மதிப்பீட்டாளர் குழம்பிப்போய்.

"அப்போ உங்க விடைத்தாளே தப்பு."

இரண்டு வருடமாக எதைக் கேட்கக் காத்திருந்தாளோ, அதைச் சின்னவள் கேட்டுவிட்டாள். உறவினர்கள் எல்லாருக்கும் எதிரில், கணீரென்று, தப்பு அவள் மேல் இல்லை என்று. கூடவே வேலையும் போயிற்று. சந்தோஷத்தில் அழுகை வந்தது, ஆத்திரத்தில் அவரைக் கடித்து வைக்கலாம் போலவும் இருந்தது. உலகத்தில் வேறு எந்த அப்பனாலும் மகளை இவ்வளவு உயர்வாகப் பேசி இவ்வளவு கச்சிதமாகத் தோற்கடித்திருக்க முடியாது.

மதிப்பீட்டாளர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு வழி இருக்கு. என்ன செஞ்சாலும் திருப்தி ஆகாத பயணிகள் உண்டு. இவர் அப்படிப்பட்டவர்னு வழிகாட்டி சொன்னா அவர் கருத்தைத் தள்ளிடலாம். வேற ஒருத்தரை வெச்சு இப்பவே நடத்தலாம். ஆனா பின்னாடி போய்ச் சொல்லக் கூடாது. அவர் முகத்துக்கு நேரா, காரணத்தோட சொல்லணும்."

எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். வேண்டாம் என்பது போல அம்மாவின் தலை மெல்ல ஆடியது. நியாயம்தான். பெற்ற தகப்பன் சபையில் தன் தப்பை ஒத்துக்கொண்டு வாய் மூடுவதற்குள், அவரை வீம்பு பிடித்த ஆள் என்று காட்டிக் கொடுப்பவள் நல்ல மகளா? நல்ல மகளாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவாள், திங்கட்கிழமை அந்த பஸ்ஸில் வேறு எவளோ ஏறுவாள். சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை.

"இந்தப் பயணி நியாயம் இல்லாதவர்," என்றாள். "தனக்கு வேண்டிய பதில் கிடைச்ச பிறகும் மார்க் போட மாட்டேங்குறார். ஒருத்தருக்கு இல்ல, எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணியிருக்கார். இவருக்குத் திருப்தியா நடக்கணும்னா யாரும் எந்த வேலையும் செய்ய முடியாது. இவர் கருத்தைத் தள்ளிடுங்க."

முன்னாலும் பின்னாலும் ஒரு மன்னிப்பு இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் முகம் மெதுவாக மாறியது. கரும்பலகையில் எவனாவது ஒருவன் அவரே எதிர்பார்க்காத வழியில் கணக்கைப் போட்டு முடித்தால், அந்த முகம் வரும் என்று அவரிடம் படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் யாரும் அதைப் பார்த்ததில்லை.

"சரியான விடை," என்றார் அப்பா. "எழுதிக்குங்க சார்."

இரண்டாவது முறை புகார் சொல்லும் பொறுப்பு அத்தைக்குப் போனது. என் தங்கத்தின் மேல் என்ன குறை சொல்வேன் என்று முதலில் மறுத்தாள். யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றதும் மதிப்பீட்டாளரைப் பார்த்து, "இந்தப் பொண்ணு இளைச்சுப் போயிருக்கா. நீங்க இங்கே பிள்ளைங்களை நேரத்துக்குச் சாப்பிட விடுறீங்களா, இல்லையா?" என்று பிடித்துக்கொண்டாள். சின்னவள் குறுக்கே பேசாமல் கேட்டாள், கேட்டதைத் திருப்பிச் சொன்னாள், இனி நேரத்துக்குச் சாப்பிடுவதாக ஏற்பாடு செய்கிறேன் மேடம் என்றாள். திருப்தியா என்று கேட்டதற்கு, அதைத் தன் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி என்றாள் அத்தை. ஆயுசு முழுக்க இந்த வண்டியிலேயே இருந்துவிட நேருமோ என்று பயந்த மதிப்பீட்டாளர் அதைத் திருப்தி என்றே எடுத்துக்கொண்டார். சின்னவள் தேர்ச்சி பெற்றாள்.

மற்றவர்கள் இறங்கி, செருப்புக் கடை வாசலில் நின்று, அத்தையின் புகாரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கடைசியாக இறங்கினார்.

"உன் அத்தை கேட்டதெல்லாம் ஒரு கேள்வியா? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை பாஸ் பண்ணிடும்," என்றார். "நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும்ப்பா. அதனாலதான் உங்களைத் தள்ளிட்டேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "ஆனா அந்த மன்னிப்பு விஷயத்தை மட்டும் மாத்திக்கோ," என்றார்.

"எப்படிப்பா மாத்த முடியும்? வேலையே அதுதான். மழை பெஞ்சா நான் மன்னிப்புக் கேக்கணும், விமானம் லேட்டானா நான் கேக்கணும், அவங்க ஊர்ல வெயில் இல்லன்னாலும் நான்தான் கேக்கணும். அதுக்குத்தானே சம்பளம்."

அப்பா யோசித்தார். உள்ளே கடைக்காரர் யாருக்கோ செருப்பு மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியாளுங்ககிட்ட எத்தனை தடவை வேணா கேட்டுக்கோ," என்றார். "என்கிட்ட கேக்காதே."

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல், அத்தை இருந்த பக்கம் நடந்தார்.